பின்ஜன்னலில் ஓர் ஒட்டு

வண்டி ஜன்னலுக்குத் திரை தைப்பதெல்லாம் ஒரு வேலையா என்று தையல்காரி வாயை விட்டாள் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை. இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிறவள் அவள். ஒரு டாக்டர் கடை வாசற்படி ஏறும்போதே அவருடைய தோள் எத்தனை அங்குலம் என்று டேப் இல்லாமல் சொல்லிவிடுவாள். டேப் வைத்துப் பார்த்தால் கால் அங்குலம்கூடத் தப்பாது. அப்படிப்பட்ட கைக்கு ஆறு கண்ணாடி ஒரு பொருட்டா என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே வாரம் அத்தான். கண்ணை மூடிட்டுத் தைச்சுத் தர்றேன்" என்று சொல்லியும் விட்டாள்.

அத்தான் அவளுடைய அக்காவின் கணவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா அதே பஸ்ஸில் கண்டக்டர். அந்தப் பழைய பஸ்ஸில் மணி கிடையாது. கண்டக்டர் தகரத்தில் தட்டுவதுதான் மணி. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போகலாம். மூன்று வருஷம் அவள் தட்டின தட்டுக்கு வண்டி ஓட்டினார், பிறகு கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் மறுத்ததே இல்லை. இன்றைக்கும் மனைவியைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு வெயில் ஆகாமல் போய்விட்டது. ஆகாமல் என்றால் தலை சுற்றல், மயக்கம் அந்த மாதிரி இல்லை. கால் மணி நேரம் பகல் வெளிச்சம் பட்டால் போதும், கையிலும் கழுத்திலும் தோல் கன்றிக் கொப்புளம் போடும். மூன்று நாள் காய்ச்சலில் கிடப்பாள். கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சமும் அதே வேலையைத்தான் செய்யும் என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். வேலை போயிற்று. வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை வந்தது. நாள் முழுக்க ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷி, பகல் பூராவும் நாலு சுவருக்குள் உட்கார்ந்தாள். பகலில் ரோடு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். 

அத்தான் சும்மா இருக்கவில்லை. ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய சரக்கு வேன் வாங்கினார். அதற்குள் இரண்டு வருஷம் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். கட்டில் வந்தது, அதற்குக் கீழே இழுப்பறை வந்தது, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, கூரையில் ஒரு மின்விசிறி என்று ஒரு குட்டி வீடே உள்ளே முளைத்தது. மரவேலை தெரியாத மனுஷர், இழுப்பறையை மூன்று தடவை பிரித்துச் செய்தார். எல்லாம் அவளைப் பகலில் ஒரு தடவையாவது ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக. பாக்கி இருந்தது ஜன்னல் மட்டும்.

அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். மத்தியானத்தில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்பாளாம், தெருமுனை வரைக்கும் போவாளாம். ஒத்துவரவில்லை என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆசையைக் காட்டிக் காட்டி ஏமாறுவது கொப்புளத்தைவிட மோசம் என்றாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது இருவருக்கும் தெரியும். ஆக, இரண்டு வருஷ உழைப்பும் வந்து நின்றது தையல்காரியின் கத்தரிக்கோல் முனையில்.

அளவெடுக்கப் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. மனுஷ உடம்பில் இடது தோளுக்கு எதிரே ஒரு வலது தோள் உண்டு. ஒன்றுக்கு வெட்டினால் மற்றதற்கும் சேர்த்து வெட்டியாகிவிடும். வண்டிக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. தள்ளுகதவுக் கண்ணாடி ஒரு மாதிரி வளைந்தது, அதற்கு எதிர்ப்பக்கத்தது இன்னொரு மாதிரி. எந்தக் கண்ணாடியில் தேடிப்பார்த்தாலும் ஒரு நேர்கோடு இல்லை. ஆனால் ஒன்று, டேப்பை வைத்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாத முதல் வாடிக்கையாளர் இந்த வண்டிதான் என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

டேப்பை மடித்து வைத்துவிட்டுப் பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிதாக்கினாள். அதைக் கண்ணாடிமேல் விரித்து, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். நகம் போன தடம் தாளில் விழுந்தது. அந்தத் தடத்தில் வெட்டினாள். ஒவ்வொரு தாளிலும் இடது, வலது என்று எழுதாமல் அடுப்பு, தலைமாடு, கால்மாடு என்று எழுதினாள். வெட்டின தாளை அத்தான் கண்ணாடியில் பொருத்திப் பார்த்தார். சுற்றிலும் ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. இந்த ஒரு தாளுக்கு நான் ஒரு வாரம் எடுத்திருப்பேன் என்றார் அவர். அது புகழ்ச்சி இல்லை, நிஜம்தான்.

துணி மூன்று அடுக்கு. வெளியே வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளி பூசிய துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, உள்ளே வெளிச்சம் புகாத கறுப்பு. மூன்றும் நழுவாமல் இருக்க, கட்டம் கட்டமாக மேலே தையல் ஓட்டினாள். அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். எண்ணிவைத்த மாதிரி ஒரே சீரான தையல், ஒரு கட்டம்கூடக் கோணவில்லை. கண்ணாடியில் வைத்து வண்டிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே, தையல் ஓடிய வழியெல்லாம் அரிசியை இறைத்தாற்போல் வெளிச்சப் புள்ளிகள். ஊசி நுழைந்த ஒவ்வொரு ஓட்டையும் ஒரு ஜன்னல். தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு ஓட்டை. இவ்வளவு நாள் எதற்காக அவளை எல்லோரும் மெச்சினார்களோ, அதுவே இங்கே குற்றமாகிவிட்டது.

வேறு யாராவது இருந்தால் ஊசியைக் குறை சொல்லியிருப்பார்கள். அவள் அரை நிமிஷம் புள்ளிகளைப் பார்த்தாள். "யானைக்கும் அடி சறுக்கும் அத்தான். நான் யானை மாதிரிதானே இருக்கேன்" என்றாள். அதோடு சரி. மறுநாள் புதிதாக வெட்டினாள். நடுவில் தையலே கிடையாது, பசை மட்டும். ஓரத்தில் மட்டும் தையல், அதையும் கண்ணாடிச் சட்டத்துக்கு வெளியே தள்ளி, மேலே இரட்டை மடிப்பு. அடுத்தது, மாட்டுவது எப்படி? நாலு மூலையிலும் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை போட்டு, உலோக வளையம் அடித்து, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணிகளை அதில் செருகினாள். காலையில் ஒட்டியவை, கண்ணாடி சூடானதும் மத்தியானத்தில் டப் டப்பென்று ஒவ்வொன்றாக விழுந்தன. அக்கா உள்ளே இருக்கும்போது ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்று அத்தான் வாய்விட்டுச் சொல்லவில்லை. இருவர் முகமும் வெளுத்துவிட்டது.

பிறகு காந்தம் பிடித்தாள். ஜன்னல் சட்டம் இரும்புதானே. சட்டைப் பொத்தான் அளவுக் காந்தங்களை ஓர மடிப்புக்குள் நாலு விரலுக்கு ஒன்றாகப் புதைத்துத் தைத்தாள். கடையில் ஒரு வாரம் அமர்க்களம். கத்தரிக்கோல் திரையோடு ஒட்டிக்கொள்ளும், ஊசி டப்பா கூடவே எழுந்து வரும். கோட்டு வாங்க வந்த டாக்டரின் பேனா ஒரு திரையோடு போய்விட்டது, மறுநாள்தான் கிடைத்தது. ஆனால் மாட்டும்போது பார்க்க வேண்டுமே. மேல் ஓரத்தை வைத்தால் போதும், மற்ற மூன்று ஓரமும் சளக் சளக்கென்று தாமே போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தான் அதைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றி விளையாடினார்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் குறுக்கே ஒரு பெரிய திரையும் வேண்டியிருந்தது, முன்கண்ணாடி வெளிச்சம் பின்னால் வராமல் இருக்க. அதற்கு மட்டும் அக்கா வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். எல்லாம் கறுப்பாக இருந்தால் இழவு வீடு போல இருக்கும், அந்த ஒரு திரையாவது அவள் இருக்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும் என்றாள். வெள்ளைக்கா பஞ்சம் அவளிடம்? கறுப்புத் துணியின் பின்பக்கம் கோட்டுத் துணியை வைத்துச் சுருக்கம் இல்லாமல் இழுத்துத் தைத்தாள். மாட்டியபோது சுவர் மாதிரி விறைப்பாக நின்றது.

எல்லாம் முடிகிற நேரத்தில் வெள்ளித் துணி தீர்ந்துவிட்டது. பின்கதவு இரண்டில் ஒன்றின் ஜன்னலுக்குத் துணி இல்லை. கடைக்காரர் மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரத்தில் அக்கா மனசு மாறிவிடும். அவள் சம்மதித்ததே பெரிய விஷயம். தையல்காரி, ரப்பர்க் கிண்ணி மாட்டிப் பார்த்த பழைய திரையை எடுத்தாள். பெரிய ஜன்னலுக்கு வெட்டியது அது. சின்ன ஜன்னலுக்காகக் குறைத்து வெட்டியதில் மூன்று வளையங்கள் கழிந்துபோயின. ஒன்று மட்டும் எப்படித் திருப்பி வைத்தாலும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. வளையத்தைப் பிடுங்கிவிட்டு, ஓட்டைமேல் வட்டமாக ஒரு துண்டு வெட்டி ஒட்டினாள். தைத்தால் புள்ளி விழும், அதனால் வெறும் பசை.

ஒட்டுப் போட்டால் சொல்லிப் போட வேண்டும் என்பது அவள் கடையின் சட்டம். சொல்லாமல் போடும் ஒட்டு திருட்டு என்பாள். இந்த ஒட்டை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அத்தான் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு ஜன்னலில் மட்டும் ஓட்டை இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல் மறைத்துவிட்டு, பசை காய்ந்ததா என்று நாலு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. நல்ல உச்சி வெயில். அத்தான் வண்டியைத் தள்ளுகதவு வீட்டு வாசலுக்கு நேராக வரும்படி நிறுத்தினார். வாசலிலிருந்து வண்டிக்கு நாலு எட்டுத்தான்; அந்த நாலு எட்டுக்கும் மிச்சக் கறுப்புத் துணியில் ஒரு கூண்டு தைத்திருந்தாள் தையல்காரி. அக்கா முழங்கை மறைய, கழுத்து மறைய உடுத்திக்கொண்டு, அந்தக் கூண்டுக்குள் நடந்து வண்டியில் ஏறினாள். தையல்காரியும் கூடவே ஏறிக் கதவைச் சாத்தினாள். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

உள்ளே இருட்டு. எப்படிப்பட்ட இருட்டு! கையை முகத்துக்கு நேரே நீட்டினால் கை தெரியவில்லை. ஓரத்தில் ஒரு கீற்று இல்லை, நடுவில் ஒரு புள்ளி இல்லை. மூன்று வாரத்தில் அவள் தைத்த மிகச் சிறந்த வேலை அதுதான், அதைக் கண்ணால் பார்க்கத்தான் வழியில்லை. தையல்காரிக்கு நெஞ்சு விம்மியது. அக்காவின் கையைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தாள்.

அத்தான் முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினார். கிளப்பினாரே தவிர நகர்த்தவில்லை. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அக்காவின் கை பக்கத்துத் தகரத்தின்மேல் போய் உட்கார்ந்ததைத் தையல்காரி உணர்ந்தாள். இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. தட்டு விழவில்லை.

பிறகு விழுந்தது. ஒன்று.

இஞ்சின் நின்றது. வெள்ளைத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தான், எங்கேயாவது வெளிச்சம் வருகிறதா என்று பதறிக் கேட்டார்.

"வரலைங்க. ஒரு பொட்டு வெளிச்சம் வரலை" என்றாள் அக்கா. "ரொம்ப நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும். அதான் எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"என்ன கண்டக்டர், சொல்லு."

"வெளிய என்ன இருக்குன்னு தெரியாம எனக்கு ரெண்டு தட்டுத் தட்டத் தெரியாதுங்க. படியில ஆள் நிக்குதா, பின்னால வண்டி வருதா, ஒண்ணும் தெரியலை. இந்த இருட்டுல உக்காந்து நூறு மைல் போனாலும் நான் வீட்டுல இருக்கற மாதிரிதான். வித்துடலாம்."

அத்தான் இறங்கினார். முன்கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. காலடிச் சத்தம் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய் ஓய்ந்தது. அக்காவும் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தை இப்போது பார்க்க முடியாது, கொஞ்ச நேரம் கழித்து இறங்குகிறேன் என்றாள்.

இருட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரிக்கு அப்போதுதான் தன்னுடைய தப்பு புரிந்தது. ஊசி ஓட்டையும் ரப்பர்க் கிண்ணியும் ஒரு தப்பா? கண்ணாடி கண்ணாடியாகப் போய் அளவெடுத்தவள், உள்ளே உட்காரப் போகிறவளை அளவெடுக்கவே இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்காமல் துணியை வெட்டியதில்லை அவள், இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட. சொந்த அக்காவைக் கேட்கவில்லை. ஆறு வருஷமாக அந்தக் குடும்பமே வெளிச்சத்தை அடைப்பது எப்படி என்று மட்டும்தான் யோசித்திருக்கிறது. அவளுக்கு வெயில்தான் ஆகாது, ரோடு ஆகாது என்று யார் சொன்னது? அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

உள்ளே புழுக்கம் ஏறியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியாது. திடீரென்று சொத்தென்று ஒரு சத்தம். பின்கதவுப் பக்கம் வட்டமாக ஒரு வெளிச்சம். சூட்டில் பசை இளகி ஒட்டு விழுந்துவிட்டது.

தையல்காரிக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்துபோய்க் கட்டைவிரலை ஓட்டைக்குள் திணித்தாள். "உன்மேல பட்டுச்சா அக்கா? ஐயோ, இது நான் போட்ட ஒட்டு. துணி பத்தாமப் பழசை வெட்டிப் போட்டேன். உங்கிட்டகூடச் சொல்லாமப் போட்டேன்" என்று அழுகையும் பேச்சுமாகக் கொட்டினாள்.

அக்கா கொஞ்சம் பொறுத்து, "விரலை எடு" என்றாள்.

"என்னக்கா சொல்றே, வெளிச்சம்..."

"என்மேல படலைடீ. எனக்கு முன்னால திரைமேல விழுது. விரலை எடு. எடுத்துட்டு இங்க வந்து பாரு."

தையல்காரி தயங்கித் தயங்கி விரலை எடுத்தாள். திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டுத் துணியில் முதலில் ஏதோ மங்கலாகக் கறை மாதிரிதான் தெரிந்தது. இருட்டுக்குப் பழகியிருந்த கண் மெல்ல மெல்ல அதைப் பிடித்துக்கொண்டது. மேலே சாம்பல் நிறத்தில் ரோடு. கீழே நீலமாக வானம். நடுவில் எதிர்வீடுகள் கூரை கீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தெரு முழுக்க, அதன் வெயில் முழுக்க, அந்த ஒரு ஓட்டை வழியாக உள்ளே வந்து தலைகீழாக விழுந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அட்டைப்பெட்டியில் துளை போட்டு மெழுகுவர்த்தியைத் தலைகீழாகக் காட்டியது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டிக்குள் இப்போது அவர்களே உட்கார்ந்திருந்தார்கள். வர்ணம்கூடத் தெரிந்தது, எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சிவப்புத் துணி மேல்நோக்கி ஆடியது.

ஒரு சைக்கிள் சக்கரம் மேலாகப் போயிற்று. அக்கா அதைக் கண்ணாலேயே கடைசிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

"பகல்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். 

திரையின் நடுவே ஓர் ஆள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. அத்தான்தான். வண்டிக்குப் பின்னால் நாலு தப்படி தள்ளித் தெருவைப் பார்த்தபடி நின்றார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை போலிருக்கிறது என்றாள் தையல்காரி.

"அழுறார்" என்றாள் அக்கா.

"முகமே தெரியலையே."

"முப்பது வருஷம் அந்த முதுகைப் பாத்துட்டே வேலை செஞ்சவ நான். அவங்க அம்மா செத்த சேதி வந்த அன்னிக்கும், டிரிப்பை முடிச்சுட்டுத்தான் போவேன்னு ஓட்டினார். ஒரு பாசஞ்சருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிஞ்சுது. அந்தத் தோள் இப்படித்தான் ஏறி ஏறி இறங்குச்சு. தலைகீழா இருந்தா மட்டும் தெரியாமப் போயிடுமா?"

திரைக்குள் அத்தான் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டு வருஷம் மரத்தோடும் இரும்போடும் மல்லுக்கட்டின மனுஷர், தன் வீட்டு வாசலிலேயே போக இடம் இல்லாதவர் போல் நின்றார். அக்கா எழுந்தாள். வெளிச்சத்தின் வழியில் படாமல் தகரத்தை ஒட்டியே இரண்டு அடி நகர்ந்து போனாள். தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திரையை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தையல்காரி சின்ன வயசில் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள். படியைப் பார்த்து, ரோட்டைப் பார்த்து, ஆள் இல்லை என்று உறுதி செய்துகொள்கிற பார்வை.

தட்டினாள். இரண்டு.

திரையில் அந்தத் தலைகீழ் மனுஷர் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாகத் திரும்பினார். வண்டியையே பார்த்தார். காதில் விழுந்தது நிஜமா என்று அவருக்குச் சந்தேகம். அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு முறை தட்டினாள், கொஞ்சம் அதட்டலாக. அறுபது வயசுக்காரர் தலைகீழாகக் குதித்துக்கொண்டு படத்தைவிட்டே ஓடினார். முன்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"என்ன ஆச்சு?" என்றார் மூச்சு வாங்க.

"அப்புறம் சொல்றேன். வண்டியை எடுங்க. பின்னால ஒரு பால்கார வண்டி நிக்குது, அதுக்கு வழி விட்டுட்டு எடுங்க."

அத்தான், பின்ஜன்னல் அடைத்திருக்கையில் பால் வண்டி நிற்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்திருப்பார். இருந்தது பால் வண்டி. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் சொன்னால் டிரைவர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி நகர்ந்ததும் திரையில் தெரு ஓட ஆரம்பித்தது. வீடுகள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சிறுத்தன. மரங்கள் இலையைக் கீழே போட்டுக்கொண்டு வந்து போயின. இடப்பக்கம் ஸ்கூட்டர் வருகிறது என்று அக்கா குரல் கொடுத்தாள். இடப்பக்கம் ஒன்றும் இல்லையே என்றார் அத்தான். அட, எல்லாம் மாறித் தெரிகிறது, அப்படியென்றால் வலப்பக்கம் என்று திருத்தினாள். இரண்டே நிமிஷத்தில் கை வந்துவிட்டது அவளுக்கு. கண்ணில் பட்டதை அவளுடைய வாய் திருப்பிப் போட்டுச் சரியாகச் சொல்லிற்று. பிறந்ததிலிருந்து உலகத்தைத் தலைகீழாகவே பார்த்துப் பழகினவள் போல் சொன்னாள். தையல்காரி அக்காவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கை தேர்ந்தவள் என்று ஊர் சொல்வது தன்னையா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இந்த ஓட்டையை மூடாதடீ" என்றாள் அக்கா, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "பொத்தான் ஓட்டைக்கு எடுக்கற மாதிரி நல்லா கெட்டியா ஒரு காஜா எடுத்துக் குடு."

காஜாவா, அதற்குமேல் ஒரு மூடியும் தைத்து, மூடிக்கு ஒரு காந்தமும் வைத்துத் தருவதாகச் சொன்னாள் தையல்காரி. வெயில் பின்பக்கமாகத் திரும்பினால் சாத்திவிடலாம். எதிர்ப்பக்கத்திலும் ஒன்று எடுத்தால் எந்தப் பக்கம் வெயில் இருந்தாலும் ஒன்று திறந்திருக்கும். அதற்கு முன்னால் தோல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அவர் கோட்டும் கடையில் தயாராகத்தான் இருக்கிறது. சொல்லச் சொல்ல அவளுடைய கட்டைவிரல் நகம் தன்னையறியாமல் அந்த ஓட்டையின் விளிம்பை ஒரு சுற்று அளந்துவிட்டது. இந்தத் தடவை அளவு சரியாக இருக்கும்.

வண்டி நின்றது. தெருமுனை. பேசியபடி அங்கேதான் திருப்ப வேண்டும். முன்னால் பெரிய ரோட்டின் இரைச்சல் கேட்டது. அத்தான் இஞ்சினை நிறுத்தாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுக்குத் திருப்பட்டுமா என்று கேட்டார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு திரையைத் தாண்டி வந்தது.

"கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன் அக்கா" என்று தையல்காரி முணுமுணுத்தாள்.

"ஏறின பாசஞ்சர் பேசக் கூடாது" என்றாள் கண்டக்டர்.

திரையில் அவர்கள் தெரு முழுசாக, தலைகீழாக, வெயிலில் பளிச்சென்று நின்றது. அக்கா அதை ஒரு தடவை கோடிக்குக் கோடி பார்த்தாள். பிறகு தகரத்தில் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அத்தான் கியரைப் போட்டார்.